நோட்டீஸில் "அப்ரூவ்டு" என்று இருந்தால் போதுமா? நர்சிங் காலேஜ் அங்கீகாரத்தைச் சரிபார்க்கும் வழி

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ பயாலஜி குரூப், 68 சதவீதம். பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்க இரண்டு காலேஜ் பார்த்து வைத்திருக்கிறார்கள். செங்குன்றம் பக்கம் உள்ள காலேஜின் நோட்டீஸில் "ஐ.என்.சி. அப்ரூவ்டு" என்று போட்டிருக்கிறது. ஏஜென்ட் மூலமாக வந்த பெங்களூர் காலேஜின் நோட்டீஸில் "நாக் ஏ கிரேடு, ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது" என்று இருக்கிறது. எது பெரிசு, எதை நம்பிப் பணம் கட்டுவது என்பது அவர் கேள்வி.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. முதலாவதில் உள்ள ஐ.என்.சி. என்பது இந்தியன் நர்சிங் கவுன்சில். அது, இந்தப் படிப்பை நடத்த அந்தக் காலேஜுக்கு உரிமை இருக்கிறதா என்பதைப் பற்றியது. இரண்டாவது, ஏற்கெனவே நடக்கும் ஒரு நிறுவனத்தின் தரத்துக்குக் கொடுத்த மதிப்பெண். உரிமை இல்லாத இடத்தில் மதிப்பெண்ணால் பயன் இல்லை. அதனால் உரிமையில் இருந்து தொடங்குகிறேன்.

ஒரு பெண் நான்கு வருஷம் படித்து முடித்தாலே நர்ஸ் ஆகிவிடுவதில்லை. மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அவர் பதிவு பெற்ற நர்ஸ். நம் மாநிலத்தில் அது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில், 1926-ம் வருஷச் சட்டப்படி இயங்குவது, அலுவலகம் மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகளைத் தேர்ந்தெடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு எழுதவும் எய்ம்ஸ் தேர்வு எழுதவும் துபாய் போகவும் இந்தப் பதிவு எண்தான் கேட்பார்கள். ஆகவே எந்தக் காலேஜைப் பார்த்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இங்கே படித்து முடித்தால் கவுன்சில் பதிவு கொடுக்குமா? மற்ற எல்லாக் காகிதங்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இருக்கின்றன.

அந்தக் காகிதங்கள் நான்கு. முதலில் மாநில அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை போடும் அரசாணை. இங்கே இப்படி ஒரு நர்சிங் காலேஜ் தேவை, இத்தனை சீட்டுடன் தொடங்கலாம் என்று அது சொல்லும். இதை எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட் என்றும் சொல்வார்கள். அடுத்தது மேலே சொன்ன மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரம். மூன்றாவது, பட்டப் படிப்பாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் அஃபிலியேஷன், அதாவது இணைப்பு அனுமதி. தமிழ்நாட்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தவிர மற்ற நர்சிங் காலேஜ்கள் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நான்காவது இந்தியன் நர்சிங் கவுன்சில், அதாவது ஐ.என்.சி. 1947-ம் வருஷச் சட்டத்தின் கீழ் டெல்லியில் இருந்து நாடு முழுக்க ஒரே பாடத்திட்டமும் குறைந்தபட்ச வசதிகளும் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கமிஷன் சட்டம் நிறைவேறியது. இந்தக் கவுன்சில் ஏற்பாட்டின் இடத்தில் புதிய கமிஷனைக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். "கமிஷன் வந்துவிட்டது, இனி ஐ.என்.சி. தேவையில்லை" என்று எந்தக் காலேஜாவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அனுமதி கொடுக்கும் அமைப்பின் பெயர் மாறினாலும் அனுமதி வேண்டும் என்பது மாறாது.

இந்த நான்கில் ஒன்றைக் காட்டி மற்ற மூன்றும் இருப்பதாக நினைக்க வைப்பதுதான் நோட்டீஸ்களின் வழக்கம். "அரசு அனுமதி பெற்றது" என்பதற்கு அரசாணை மட்டும் இருக்கிறது, பல்கலைக்கழக இன்ஸ்பெக்‌ஷன் இனிமேல்தான் என்றும் அர்த்தம் இருக்கலாம்.

அங்கீகாரம் என்பது கட்டடத்துக்கோ டிரஸ்டுக்கோ கொடுப்பது அல்ல. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட கல்வியாண்டுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை சீட்டுக்குக் கொடுப்பது. பெற்றோர் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு டிரஸ்டுக்கு ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமாவுக்குப் பல வருஷமாக அங்கீகாரம் இருக்கும், பி.எஸ்சி. போன வருஷம்தான் தொடங்கியிருப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்று டிப்ளமாவுடையது, உங்களிடம் விற்பது பட்டப் படிப்பு. அல்லது அதே டிரஸ்டின் பார்மசி காலேஜுக்கு உள்ள அனுமதியைக் காட்டி "எங்கள் குரூப் எல்லாமே அப்ரூவ்டு" என்பார்கள். அல்லது சான்று உண்மையானது, ஆனால் 2 வருஷம் பழையது. பல்கலைக்கழக அஃபிலியேஷன் பல காலேஜ்களுக்குத் தற்காலிகமானதுதான், வருஷா வருஷம் நீட்டிக்க வேண்டும். தற்காலிகம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நடப்பு வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சரிபார்ப்பதில் ஒரே விதி: காலேஜ் காட்டும் காகிதத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள், காகிதம் கொடுத்தவரிடம் போய்ச் சரிபாருங்கள். ஐ.என்.சி. தன் இணையதளத்தில் மாநிலவாரியாக, படிப்புவாரியாக, கல்வியாண்டுவாரியாகக் காலேஜ் பட்டியலைச் சீட் எண்ணிக்கையோடு போடுகிறது. எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகமும் தன் கீழுள்ள காலேஜ்களின் பட்டியலை வெளியிடுகிறது. இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு காலேஜின் முழுப் பெயர், விலாசம், படிப்பு, வருஷம், சீட் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒப்பிடுங்கள். பெயர் ஓரெழுத்து மாறினாலும் விலாசத்தைப் பாருங்கள். "ஸ்ரீ" சேர்ந்தால் ஒரு காலேஜ், சேராவிட்டால் வேறொன்று என்ற நிலை உண்டு. பட்டியலில் சென்னை என்றும் நோட்டீஸில் பொன்னேரி என்றும் இருந்தால், ஒரே காலேஜ்தானா, இடம் மாற்ற அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இணையத்தில் பார்த்துக் குழப்பமாக இருந்தால் நேரில் போய்விடலாம். வடசென்னைக்காரர்களுக்கு இது சிரமமில்லை. விம்கோ நகரில் இருந்தோ தண்டையார்பேட்டையில் இருந்தோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி வரை போகலாம். அங்கே அஃபிலியேஷன் பிரிவில் காலேஜ் பெயர், படிப்பு, வருஷம் எழுதிய ஒரு சீட்டைக் காட்டிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு போடலாம். மூன்று கேள்வி போதும்: இந்தக் காலேஜுக்கு பி.எஸ்சி. நர்சிங்குக்கு அனுமதித்த சீட் எத்தனை, அஃபிலியேஷன் எந்த வருஷம் வரை, கடந்த இரண்டு வருஷத்தில் பல்கலைக்கழகத்தில் பதிவான மாணவர்கள் எத்தனை பேர். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் பரீட்சை முடிந்ததுமே போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம் என்றால், அங்கீகாரம் உள்ள காலேஜிலேயே பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். 60 சீட் அனுமதி வைத்துக்கொண்டு 75 பேரைச் சேர்த்தால், பல்கலைக்கழகம் 60 பேருக்குத்தான் பதிவு எண் கொடுக்கும். மீதி 15 பேர் யூனிஃபார்ம் போட்டு வகுப்பில் உட்கார்வார்கள், ஃபீஸ் கட்டுவார்கள், பரீட்சை வரும்போது ஹால் டிக்கெட் வராது. "அடுத்த வருஷ பேட்சில் சேர்த்து விடுகிறோம்" என்பார்கள். போனது ஒரு வருஷம். இதே கதி, சேர்க்கைக்கான கடைசித் தேதி தாண்டிச் சேர்ந்தவர்களுக்கும் வரலாம். "தேதி முடிந்தால் என்ன, முந்தின தேதி போட்டுக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். அதனால் காலேஜுக்குப் போகும்போது ஆபீஸ் ரூமோடு நிற்காமல் இரண்டாம் வருஷ மாணவிகள் இரண்டு மூன்று பேரிடம் தனியாகக் கேளுங்கள்: பல்கலைக்கழகப் பதிவு எண் எப்போது கிடைத்தது, முதல் செமஸ்டர் எந்த மாதம் எழுதினீர்கள், எல்லாருக்கும் ஹால் டிக்கெட் வந்ததா. அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மகளின் தகுதியில் சிக்கல் இருக்காது. பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜியில் சேர்த்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 சதவீதம். இங்கிலீஷில் பாஸாகியிருக்க வேண்டும். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயாலஜி இல்லாத குரூப் படித்த பிள்ளையை "பிறகு சரி செய்துகொள்ளலாம்" என்று பி.எஸ்சி.யில் சேர்க்க வந்தால் ஏமாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வழி மூன்று வருஷ ஜி.என்.எம். டிப்ளமா. அதற்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப்பானாலும் 40 சதவீதம் போதும். முடித்தபின் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கலாம்.

இதோடு சேர்த்து வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமெல்லாம் மாடிப்படி ஓரம் "நர்சிங், 1 வருடம், 100 சதவீத வேலை" என்று போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 6 மாதம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று "டிப்ளமா இன் நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்" எனப் பெயர் வைத்திருப்பார்கள். சான்றிதழில் ஏதோ தேசிய அளவிலான தொழிற்பயிற்சி நிறுவனத்தின் பெயரும் அசோகச் சின்னம் போன்ற ஒன்றும் இருக்கும். இதைப் படித்தால் நர்சிங் ஹோமில் உதவியாளராக வேலை கிடைக்கலாம். கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது. பதிவுக்குரிய அடிப்படைப் படிப்புகள் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. மட்டுமே. திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி முறையானதுதான், ஆனால் அதுவும் நர்ஸ் படிப்பு அல்ல. குடும்பக் கஷ்டத்தால் ஒரு வருஷத்தில் சம்பாதிக்க வேண்டிய பெண் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தால் தவறில்லை. நர்ஸ் ஆகப்போகிறோம் என்று நம்பி லட்ச ரூபாய் கட்டுவதுதான் கொடுமை. வீட்டில் இருந்தே ஆன்லைனில் படித்து நர்ஸ் ஆகலாம் என்பதும் அப்படித்தான்.

இனி "நாக்". தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, 1994-ல் தொடங்கியது, தலைமையகம் பெங்களூர். இங்கே ஒரு காலேஜ் தானாக விண்ணப்பித்து மதிப்பீடு வாங்குகிறது, பெரும்பாலும் 5 வருஷம் செல்லும். 4 புள்ளிக்கு எத்தனை என்று கணக்கிட்டு, 3.51-க்கு மேல் ஏ பிளஸ் பிளஸ், 3.01 முதல் 3.25 வரை ஏ, இப்படி இறங்கி 1.50-க்குக் கீழ் போனால் சான்று இல்லை. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, நூலகம், நிர்வாகம் எனப் பல அம்சங்களைப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும். நாக் சான்று இல்லாததால் ஒரு நர்சிங் காலேஜ் மட்டம் என்று ஆகாது. புதிய காலேஜ் விண்ணப்பிக்கவே முடியாது, இரண்டு பேட்ச் வெளியே வந்திருக்க வேண்டும் அல்லது தொடங்கி 6 வருஷம் ஆகியிருக்க வேண்டும். அடுத்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கிரேடு என்பது எஞ்சினியரிங், மேனேஜ்மென்ட், மெடிக்கல் எல்லாம் சேர்ந்த முழு நிறுவனத்துக்கு. அதில் நர்சிங் பிரிவு எப்படி என்று அந்த எழுத்து சொல்லாது. கடைசியாக, நாக் கிரேடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைக் காட்டிக் கவுன்சிலில் பதிவு வாங்க முடியாது. நாக் தளத்தில் காலேஜ் பெயரைத் தேடிச் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். முடிந்துபோன கிரேடை எடுக்காமலே விட்டிருக்கும் போர்டுகள் நிறைய.

ஐ.எஸ்.ஓ. சான்றைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அது அலுவலக நடைமுறைகளைப் பற்றியது. என்.ஏ.பி.எச். என்பது ஆஸ்பத்திரிக்கான தரச்சான்று, காலேஜுக்கானது அல்ல. ஆனால் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு அது இருந்தால் மகிழ்ச்சியோடு ஒரு டிக் போடலாம். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசையில் மெடிக்கல், டென்டல், பார்மசிக்குத் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. நர்சிங்குக்கு என்று தனியாக இல்லை.

காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கும் இரண்டு காலேஜில் எது நல்லது என்று கேட்டால், என் பதில் எப்போதும் ஆஸ்பத்திரியைப் பாருங்கள் என்பதுதான். நர்சிங் வார்டில் கற்கும் வேலை. ஐ.என்.சி. விதிப்படி பி.எஸ்சி. காலேஜுக்குச் சொந்தமாக 100 படுக்கை கொண்ட பேரன்ட் ஹாஸ்பிடல் வேண்டும், படுக்கைகளில் 75 சதவீதமாவது நோயாளிகள் இருக்க வேண்டும். கூடுதலாக இணைத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் சுமார் 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது விகிதம். இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 30 படுக்கை வார்டில் 22 பேர் படுத்திருந்தால், ஒரு நேரத்தில் அங்கே 7 மாணவிகள்தான் உருப்படியாகக் கற்க முடியும். போய்ப் பார்க்கும்போது 20 பேர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தால் அங்கே நடப்பது போஸ்டிங் எனப்படும் வார்டு பயிற்சி அல்ல, அட்டெண்டன்ஸ்.

100 படுக்கை என்று எழுத்தில் இருப்பதும் கட்டிலில் ஆள் இருப்பதும் வேறு. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் நிரம்பும் ஆஸ்பத்திரிகள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆவணம் உதவும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரி வாங்கியிருக்கும் பதிவுச் சான்றைப் பாருங்கள், அதை மக்கள் பார்வையில் வைத்திருக்க வேண்டும். மற்றது மருத்துவக் கழிவு அனுமதி. 2016-ம் வருஷ விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்கும் அந்த அனுமதியிலும், ஆண்டறிக்கையிலும் படுக்கை எண்ணிக்கை இருக்கும். ஆண்டறிக்கையை ஆஸ்பத்திரி தன் இணையதளத்தில் போட வேண்டும். காலேஜுக்காகக் கவுன்சிலிடம் 120 என்றும், கழிவுக் கட்டணம் குறையட்டும் என்று வாரியத்திடம் 40 என்றும் சொல்லியிருந்தால் எது உண்மை என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நேரில் போவதாக இருந்தால் காலை ஏழரை, எட்டு மணிக்குப் போங்கள். மார்னிங் ஷிஃப்ட் மாறும் நேரம், மாணவிகள் வரும் நேரம். பிரசவ வார்டு நடக்கிறதா, மாதம் எத்தனை பிரசவம், ஆபரேஷன் தியேட்டர் வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, ஐ.சி.யூ. இருக்கிறதா என்று கேளுங்கள். பிரசவ வார்டு ஏன் என்றால், பி.எஸ்சி. முடிப்பவர் நர்ஸாக மட்டுமின்றி மிட்வைஃபாகவும், அதாவது பிரசவம் பார்க்கும் தாதியாகவும், பதிகிறார். பிரசவம் பார்த்ததற்கான கேஸ் புக்கில் கையெழுத்து வேண்டும். பிரசவமே நடக்காத ஆஸ்பத்திரியில் அந்தப் புத்தகம் எப்படி நிரம்புகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சொந்த ஆஸ்பத்திரியில் எல்லாப் பிரிவும் இருக்காது என்பது இயல்பு. மனநலப் போஸ்டிங்குக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், குழந்தைகள் பிரிவுக்கு எழும்பூர், இப்படி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். அதற்கு அரசிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். "இந்த வருஷக் கடிதத்தைக் காட்டுங்கள், எத்தனை மாணவிகள், எத்தனை வாரம்" என்று கேளுங்கள். பஸ் வசதி யார் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மீஞ்சூர் தாண்டி இருக்கும் காலேஜில் இருந்து கீழ்ப்பாக்கம் வந்து திரும்புவதற்குள் பாதி நாள் போய்விடும், சிலர் அதைக் காரணமாகச் சொல்லிப் போஸ்டிங் நாட்களையே குறைத்துவிடுகிறார்கள். குறைத்தால் யாருக்கு நஷ்டம்? தியரிக்கும் பிராக்டிகலுக்கும் பரீட்சை எழுத 80 சதவீத வருகை போதும், ஆனால் பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் மணி நேரத்தை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இப்போதுள்ள செமஸ்டர் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப்பும் இருக்கிறது. வெளிநாடு போகும்போது இந்த மணி நேரம் மறுபடி எண்ணப்படும். அமெரிக்கா போக விரும்புவோரின் சான்றிதழ்களைப் பரிசீலிக்கும் அமைப்பு, பொது மருத்துவம் அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகிய ஒவ்வொன்றிலும் தியரியும் கிளினிக்கலும் தனித்தனியாக இருக்கிறதா என்று டிரான்ஸ்கிரிப்டில் பார்க்கும். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம், சான்றிதழ் கொடுத்தவர்களிடமே நேரடியாக விசாரிக்கும். அப்போது காலேஜ் மூடிப்போயிருந்தாலோ பதில் போடாவிட்டாலோ விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

ஆசிரியர் கணக்கும் எளிது. 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. 60 சீட், நான்கு வருஷம் என்றால் 240 பேர், 24 ஆசிரியர். பிரின்சிபால் எம்.எஸ்சி. நர்சிங் படித்து 15 வருஷ அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு, மாணவிகளிடம் "இவர்களில் யார் யார் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள்" என்று கேட்டால் பெயருக்கு மட்டும் இருப்பவர்கள் தெரிந்துவிடும்.

பணம் சம்பந்தமாக ஒரு குறுக்கு வழிச் சோதனை இருக்கிறது. கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கும் முன், உங்கள் வங்கியில் இந்தக் காலேஜின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நர்சிங் படிப்புக்கு வங்கிகள் ஐ.என்.சி. அல்லது அதற்குரிய ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரம் பார்த்துத்தான் கடன் கொடுக்கின்றன. மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்குக் காலேஜ் அவர் விவரத்தை யுமிஸ் என்ற அரசின் மாணவர் விவரத் தளத்தில் ஏற்ற வேண்டும். "எங்கள் மாணவிகளுக்கு அந்தப் பணம் வருவதில்லை" என்று ஒரு காலேஜ் சொன்னால் ஏன் என்று விடாமல் கேளுங்கள். நன்கொடை வாங்குவதை 1992-ம் வருஷத் தமிழ்நாடு சட்டம் தடை செய்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேரும் நாளிலேயே "நாலு வருஷமும் எங்களிடம் இருக்கட்டும்" என்று வாங்கினால், நடுவில் மாற வேண்டி வந்தால் அந்தச் சான்றிதழை வைத்தே மீதி ஃபீஸையும் கேட்பார்கள்.

இப்போது பெங்களூர். வெளிமாநிலக் காலேஜ் என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல காலேஜ்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் சரிபார்க்க வேண்டியது கூடுகிறது. அங்கே பல்கலைக்கழகம் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், கவுன்சில் கர்நாடக மாநில நர்சிங் கவுன்சில். காலேஜ்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஐ.என்.சி.க்கு இல்லை என்று 2017-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, மாநில அனுமதியும் பல்கலைக்கழக அனுமதியும் இருந்தும் ஐ.என்.சி. பட்டியலில் பெயர் இல்லாமல் நடந்த காலேஜ்கள் அங்கே ஏராளம். அங்கேயே வேலை பார்ப்பவருக்கு அது உடனே உறைக்காது. உங்கள் மகள் படித்துவிட்டு சென்னைக்குத் திரும்பினால், முதலில் கர்நாடகத்தில் பதிந்து, அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். ஐ.என்.சி. பட்டியலில் இல்லாத காலேஜ் என்றால் சிக்கல் தொடங்குவது அந்த இடத்தில்தான். ஆகவே பணம் கொடுக்கும் முன், காலேஜ் பெயரை எழுதிக்கொண்டு சாந்தோம் அலுவலகத்துக்குப் போய், "இங்கே படித்தவர்களுக்கு நீங்கள் பதிவு மாற்றிக் கொடுக்கிறீர்களா" என்று கேட்டுவிடுங்கள். ஆந்திரா பார்டர் தாண்டிச் சேர்க்கும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிக் குடும்பங்களுக்கும் இதே விதிதான்.

ஏஜென்டிடம் பணம் கொடுக்கவே வேண்டாம். ஃபீஸ் காலேஜின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், காலேஜ் பெயரில் ரசீது வர வேண்டும். "சீட் போய்விடும், இன்றைக்கே பத்தாயிரம் அட்வான்ஸ்" என்ற அவசரம் அவருடைய கமிஷனுக்கான அவசரம்.

உங்கள் விஷயத்தில் நான் வைக்கும் வரிசை இது. இரண்டு நோட்டீஸையும் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவின் விண்ணப்பத்தைப் போடுங்கள். நர்சிங்குக்கு அங்கே நீட் மதிப்பெண் கேட்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் நர்சிங் கல்லூரி போன்ற அரசு இடங்களோடு, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் காலேஜ்களின் 65 சதவீத சீட்டும் சிறுபான்மைக் காலேஜ்களின் 50 சதவீத சீட்டும் இந்தக் கவுன்சிலிங் வழியாகத்தான் நிரம்புகின்றன. கவுன்சிலிங் சீட் பட்டியலில் வருவதற்கே நடப்பு வருஷ அனுமதி வேண்டும் என்பதால் சரிபார்க்கும் வேலையில் ஒரு பகுதி தானாகவே முடிந்துவிடும். செங்குன்றம் காலேஜ் அந்தப் பட்டியலில் எத்தனை சீட்டோடு இருக்கிறது என்று பாருங்கள். ஃபீஸும் அரசு ஒதுக்கீட்டில் குறைவு. அரசு டிப்ளமாவுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். நல்ல அரசு ஆஸ்பத்திரி வார்டில் மூன்று வருஷம் நின்ற ஜி.என்.எம். நர்ஸை, நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் கழித்த பட்டதாரியைவிட மேலாக நான் மதிப்பேன்.

மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் செங்குன்றம் காலேஜிடம் மூன்று நகல் கேளுங்கள்: நடப்பு வருஷ அஃபிலியேஷன் கடிதம், ஐ.என்.சி. கடிதம், பேரன்ட் ஹாஸ்பிடலின் பதிவுச் சான்று. கடிதத்தில் உள்ள எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு கிண்டிக்குப் போய் ஒப்பிடுங்கள். நகல் தர மறுத்தால் அடுத்த காலேஜைப் பாருங்கள். பெங்களூர் ஏஜென்டிடம், அந்தக் காலேஜ் எந்தக் கல்வியாண்டின் ஐ.என்.சி. பட்டியலில் எத்தனை சீட்டுடன் இருக்கிறது என்பதை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொல்வதை ஏற்க வேண்டாம்.